மணிக்கட்டில் போட்டுப் பார்க்கும் கண்ணி

தங்கச்சிமாரே,

புதிதாக வேலைக்கு வந்த நீங்கள் இரண்டு பேரும் போன கிழமை முதலாளியைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் கண்டேன். மிருகம் பிடிக்கச் செய்து முடித்த ஒவ்வொரு கேபிள் கண்ணியையும் அவர் எடுத்து, சட்டைக் கையை மேலே மடித்து, தன் மணிக்கட்டில் போட்டு இழுத்துப் பார்ப்பதைக் கண்டால் எவருக்கும் சிரிப்பு வரும்தான். "கிழவன் காப்புக் கடைக்கு வந்த பொம்பிளைப்பிள்ளை மாதிரி நிக்குது" என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குறடு அமத்தி அமத்தி என் விரல்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. வேலையை விடும்படி டொக்டர் சொல்லிவிட்டார். போவதற்கு முன் உங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விருப்பம். ஆனால் ஆட்களைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. அது உங்களுக்கே தெரியும். படிப்பும் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்புத்தான். அதனால் தெரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன். குறட்டை எப்படிப் பிடிப்பது, பூட்டை எந்தப் பக்கம் போடுவது என்பதெல்லாம் இதில் இல்லை. அது கை பழகினால் வரும். கை பழகியும் வராத காரியங்கள் சில இருக்கின்றன.

ஊரில் கலவரம் நடந்த எண்பத்து மூன்றின் கடைசியில் நானும் என் கணவரும் இந்த நகரத்துக்கு வந்து பார்க்டேல் பகுதியில் ஒரு அறையில் இருந்தோம். நடந்து போகும் தூரத்தில் வேலை தேடினேன். பஸ்ஸில் ஏறி ஆங்கிலத்தில் இடம் கேட்கப் பயம். அப்படித்தான் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்தேன். கண்ணாடியில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. உள்ளே வந்த பிறகுதான் சுவரில் தொங்கிய நரித்தோலையும் நீர்நாய்த் தோலையும் கண்டேன். முட்டைகூடத் தின்னாத சைவக்காரி நான். அன்று வீட்டுக்குப் போய், "உயிர் கொல்லுற சாமான் விக்கிற கடையப்பா, எனக்கு வேண்டாம்" என்றேன்.

என் கணவர் சப்பாத்தைக் கழற்றியபடியே, "தண்டவாளம் செய்யிறவன், சனம் அதில விழுந்து சாகும் எண்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறானோ?" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

அடுத்த நாள் வந்தேன். தோல் கிடந்த மேசையை நான் சுற்றிப் போவதை முதலாளி கவனித்திருக்கிறார். அவரும் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத் தடுக்கித் தடுக்கித்தான் நடக்கும். ஆனபடியால் அவர் சொல்வது எனக்கு விளங்கும். "நீ அந்தப் பக்கம் போக வேண்டாம். கேபிள் மேசையில் இரு. மிருகம் பிடிப்பவர்கள் எப்படியும் பிடிக்கத்தான் போகிறார்கள். நீ ஒழுங்காகச் செய்தால் ஒரு சீவன் கொஞ்சம் குறைவாக வேதனைப்படும்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

பிடித்து வைக்கும் கேபிள் ஒன்று, கொல்லும் கேபிள் ஒன்று. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே சுருக்குத்தான். பிடித்து வைக்கிறதில் ஒரு தடுப்பு இருக்கும். அதற்கு மேல் வளையம் சிறுக்காது. இழுவை நின்றவுடன் தளர்கிற பூட்டு இருக்கும். மிருகம் சுற்றினால் கூடவே சுற்றுகிற சுழலி இருக்கும். எதை வைக்கலாம், எங்கே வைக்கலாம், உரிமம் யாருக்கு வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. அது இடத்துக்கு இடம் மாறும், காலத்துக்குக் காலமும் மாறும். போன வருடத்து விதியை நம்பி இந்த வருடம் விற்காதீர்கள். ஆனால் முதலாளி விதியை வாசிப்பதற்கு முன் மணிக்கட்டைத்தான் நீட்டுவார். இழுத்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் கேபிளும் தளர வேண்டும். தளராவிட்டால் அது இந்தக் கடையை விட்டு வெளியே போகாது.

ஒருமுறை நல்ல தோல் ஜக்கெற் போட்ட மனிதர் ஒருவர் வந்தார். ஏரிக்கரையில் வீடு இருக்கிறதாம். கூரைக்குள் றக்கூன் குட்டி போட்டுவிட்டதாம். "இருப்பதில் பலமானதைக் கொடு" என்றார். முதலாளி ஒரு கேபிளை எடுத்து, "கையை நீட்டுங்கள்" என்றார். அந்த மனிதர் பின்னுக்குப் போய், "எனக்கு என்ன விசரா?" என்றார். "அது குட்டி போட்ட தாய். அதற்கும் விசர் இல்லை" என்று சொல்லி முதலாளி கேபிளைத் திரும்ப ஆணியில் கொழுவிவிட்டார். குட்டிகள் நடக்கத் தொடங்கும் வரை பொறுக்கச் சொன்னார். தாய் தானே கூட்டிக்கொண்டு போகும், பிறகு ஓட்டையை அடைக்கலாம் என்றார். வந்தவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். "இப்படியே எல்லாரையும் அனுப்பினால் கடையை என்ன செய்வது?" என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். வாய் திறந்து கேட்கவில்லை.

இன்னொரு சங்கதி. கண்ணாடி அலுமாரியில் இருக்கும், மிருகத்தைப் பொறிக்குக் கூப்பிடுகிற மணப் போத்தல்களைக் கவனமாகத் தொடுங்கள். நரிக்கு ஒன்று, றக்கூனுக்கு ஒன்று, நீர்நாய்க்கு ஒன்று. ஒரு நாள் மூடி இறுகாத போத்தல் ஒன்று என் கையில் ஊற்றிவிட்டது. சவுக்காரம் போட்டு எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. மழையென்று அன்றைக்குத் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் ஏறினால், எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி எழும்பிப் போய் நின்றுகொண்டா. எதிரில் இருந்தவர் தன் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இறங்கி நடந்தால், யாரோ ஒருவருடைய நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு என் வாசல் மட்டும் வந்துவிட்டது. கணவர் கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "இண்டைக்கு எந்த மிருகம், இஞ்சாரும்?" என்றார். சிரிக்கத்தான் இதை எழுதினேன். ஆனால் ஒன்றை அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். எங்களுக்கு மணம் ஒரு மணம்தான். மிருகத்துக்கு அது வழி. மணம் கூட்டிக்கொண்டு போகிற இடத்துக்கு மிருகம் போகும்.

இனி, நான் வேலைக்கு வந்து சில வருடங்களில் நடந்த ஒரு சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன்.

இலை எல்லாம் கொட்டி முடிந்த காலம். நரித்தோல் தடிக்கத் தொடங்கும் காலம் என்பதால் கடையில் அலுவல் கூடியிருந்தது. முதலாளி வடக்கே மிருகம் பிடிப்பவர்களுடைய கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். கடையில் நான் தனிய. பகலில் ஒருவர் சப்பாத்தெல்லாம் சேறாக உள்ளே வந்தார். முப்பது வயது இருக்கலாம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் நெற்றியில் பொட்டைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழா?"

"ஓம்."

"அப்பாடா! இங்கிலீசில என்னெண்டு கேக்கிறது எண்டு வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்தன். அக்கா, நரிக்கு மணக்கிற மருந்து ஒண்டு தாங்க."

பேச்சில் மட்டக்களப்பு என்று தெரிந்தது. போத்தலை எடுக்கத் திரும்பினேன். எடுத்துக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். கூச்சக்காரியான எனக்கு ஒரு சொல்லோடு வியாபாரம் முடிவதுதான் எப்போதும் விருப்பம். ஆனால் மருந்து மட்டும் கேட்கிற ஆளிடம், எதில் வைக்கப் போகிறாய் என்று கேட்பது முதலாளியின் பழக்கம். அவர் இல்லாதபடியால் நான் கேட்க வேண்டியதாயிற்று.

"நரியைக் கூப்பிட்டு என்ன செய்யப் போறியள்?"

"கொஞ்சம் கதைச்சிப் பாக்கத்தான் கா" என்று சிரித்தார். பிறகு தன் அலுவலைச் சொன்னார். பெயர் சிவலிங்கம். பார்க்டேலில்தான் இருக்கிறார். மிசிசாகாவுக்கும் அங்கால் ஒரு கோழிப் பண்ணையில் வேலை. கிழமை நாட்களில் விடிய ஒரு வான் வந்து இவரையும் வேறு சிலரையும் ஏற்றிக்கொண்டு போகும். பண்ணை ஒரு மனுசியுடையது. வேலிக்குக் கீழால் நரி பூந்து கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறதாம். யாராவது ஏதாவது செய்யுங்களேன் என்று அந்த மனுசி கத்தியிருக்கிறா. இவர் யாரிடமும் சொல்லாமல் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"பொறி என்ன வைச்சிருக்கிறியள்?"

"பொறியா? இதுக்குப் போய்ப் பொறி வாங்கிறதா?" ஜக்கெற் பையிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்து மேசையில் வைத்தார். "சைக்கிள் பிரேக் கம்பி கா. ஊரில வயலுக்கு வாற பண்டிக்கு, கோழிக்கு வாற மரநாய்க்கு எல்லாத்துக்கும் இதுதான். கண்ணி கட்டுறதில எங்கட பக்கத்தில என்னை விட்டா ஆள் இல்லை."

நல்ல கைவேலைதான். கண் அழகாகப் பின்னியிருந்தது. ஆனால் தடுப்பும் இல்லை, பூட்டும் இல்லை, சுழலியும் இல்லை. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆம்பிளையிடம், அவர் பெருமைப்படுகிற ஒன்றைப் பிழை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. கைதான் எழுந்தது. கம்பியை எடுத்து இடது மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, மற்ற நுனியை அவரிடம் நீட்டினேன்.

"இழுங்கோ."

"என்ன கா விளையாட்டு?"

"இழுங்கோவன். இந்தக் கடையில உதுதான் முறை."

பூப்போல இழுத்தார்.

"நரி உப்பிடியோ இழுக்கும்?"

கொஞ்சம் பலமாக இழுத்தார். கம்பி சதையில் இறங்கியது. காப்பு எலும்போடு நசிந்தது.

"காணும். இப்ப விடுங்கோ."

"விட்டாச்சு கா."

"நீங்கள் விட்டுட்டியள். கம்பி விடேல்லை."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நகத்தால் கம்பியைத் தளர்த்தப் பார்த்தார். நகம் உள்ளே போகவில்லை. என் விரல்கள் நீலமாக வரத் தொடங்கின. "ஐயோ அசையாதிங்க கா, அசைய அசைய இறுகுது" என்றார். நான் மற்றக் கையால் சுவரில் தொங்கிய கம்பி வெட்டியைக் காட்டினேன். எடுத்து வந்து, கண் பின்னியிருந்த இடத்தில் வைத்து வெட்டினார். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது மாதிரி வேற வைச்சிருக்கிறியளோ?"

"இது மிச்சக் கம்பி."

"மிச்சம் எண்டால்?"

"ஒண்டு நேத்துப் பின்னேரம் வைச்சிட்டு வந்திட்டன். மருந்தை இனித்தான் போடவேணும்."

"எங்க வைச்சனியள்?"

"வேலிக்கு வெளியால, ஓடைக்குப் போற ஒற்றையடிப் பாதையில."

"அந்தப் பாதையால வேற ஆர் போறது?"

"ஒருத்தரும் இல்லை. நரிதான்." பிறகு வெட்டிய கம்பியைப் பார்த்தார். "பண்ணை அம்மாட நாய் ஒண்டு இருக்கு. அது கட்டிலதான் நிக்கும்."

"எப்பவுமோ?"

அவர் கம்பி வெட்டியை மேசையில் வைத்தார். "சனி, ஞாயிறில அவிழ்த்து விடுறவ" என்றார்.

அன்று சனிக்கிழமை. வான் இனித் திங்கட்கிழமைதான் போகும்.

"திங்கள் விடிய முதல் வேலையாப் போய் எடுத்திருவன் கா. ஒண்டும் நடக்காது" என்றார். பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "வாற கிழமை எனக்கு விசாரணை. இந்த நாட்டில இருக்க விடுவாங்களா இல்லையா எண்டு அதிலதான் இருக்கு. ஒரு பிரச்சினையிலயும் பேர் வரக்கூடாது எண்டு லோயர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர். உரிமம் இல்லாமக் கண்ணி வைச்சவன் எண்டு எழுதினாங்க எண்டா?"

தங்கச்சிமாரே, இதற்கு எனக்குப் பதில் தெரியாது. நான் லோயரும் இல்லை, கேட்க முதலாளியும் பக்கத்தில் இல்லை. அந்தக் கம்பி அங்கே இருப்பது சட்டப்படி பிழை என்பது மட்டும் தெரியும். அதை வைத்தவர் கெட்டவர் இல்லை என்பதும் தெரியும். அவர் இடத்தில் நான் நின்றால் நானும் திங்கட்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் மணிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிவை வைத்துக்கொண்டு யோசிப்பது வேறு.

"பண்ணை நம்பர் தெரியுமோ?"

"எடுக்காதிங்க கா! அந்த மனிசி என்னை வேலையால நிப்பாட்டிருவா."

"நீங்கள் வேண்டாம் எண்டால் எடுக்கமாட்டன். ஆனால் இந்தக் கடையைப் பூட்டிப்போட்டு நான் வீட்டை போய்ச் சோறு தின்னேலாது. உங்களால ஏலுமோ?"

அவர் வெட்டிய கம்பியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு நான் கேட்காமலே நம்பரைச் சொன்னார். ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாக. நான் தொலைபேசியில் சுழற்றினேன்.

இந்தக் கடைக்கு வந்து அவ்வளவு காலமாகியும் நானாக யாருக்கும் தொலைபேசி எடுத்ததில்லை. மணி அடித்தால் முதலாளியைக் கூப்பிடுவேன். முகம் தெரியாத ஆளோடு ஆங்கிலம் கதைப்பது எனக்குக் கிணற்றில் குதிப்பது போல. அந்தப் பக்கம் கரகரத்த குரலில் ஒரு மனுசி, "யார்?" என்றா.

"பொறிச் சாமான் கடை" என்றேன்.

"நான் ஒன்றும் கேட்கவில்லையே."

வைத்துவிடுவாவோ என்று பயந்து, மனதுக்குள் அடுக்கிய ஆங்கில வசனத்தை எல்லாம் விட்டுவிட்டு, "உங்கள் நாய் எங்கே?" என்று கேட்டேன்.

"ஏன் கேட்கிறாய்?"

"ஓடைப் பாதையில் ஒரு கம்பிக் கண்ணி இருக்கிறது. அது நல்ல கண்ணி இல்லை. தயவுசெய்து உடனே போய்ப் பாருங்கள். குறடு கொண்டு போங்கள்."

"எவன் வைத்தான்?"

நான் தொலைபேசியின் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். "ஆர் வைச்சது எண்டு கேக்கிறா."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். அவர் மேசைக்குக் கிட்ட வந்து, "என்ட பேரைச் சொல்லுங்க கா" என்றார். "சிவா எண்டு சொல்லுங்க. அப்பதான் தெரியும்."

"சிவா வைத்தார். உங்களுக்குச் சொல்லச் சொல்லி அவர்தான் நம்பர் தந்தார். எனக்கு முன்னால் நிற்கிறார்."

அந்த மனுசி ஒரு கெட்ட வார்த்தை சொன்னா. ஆனால் தொலைபேசியை வைத்துவிடவில்லை. மேசையில் போட்டுவிட்டு ஓடிப் போயிருக்கிறா. கதவு அடித்துச் சாத்துவது கேட்டது. பிறகு ஆள் இல்லாத ஒரு குசினியின் சத்தம். எங்கேயோ வானொலி பாடியது. அடுப்பில் தண்ணீர்க் கேத்தில் கூவத் தொடங்கி, கூவிக்கொண்டே இருந்தது. அணைக்க அங்கே யாரும் இல்லை.

"வையுங்க கா. அவ போயிட்டா" என்றார் சிவலிங்கம்.

"இல்லை. நிப்பம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. வைத்துவிட்டால் திரும்ப எடுக்க எனக்குத் துணிவு வராது என்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். ஒருவர் கடைக்குள் வந்து இரும்பு முளை கேட்டார். கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். அவரும் ஏதோ விளங்கியவர் போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரு கேத்தில் கூவுவதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கேத்தில் அடங்கியது. யாரோ வந்துவிட்டார்கள். மூச்சு வாங்குவது கேட்டது. அதற்குப் பிறகு இன்னொரு சத்தம், டக் டக் டக் என்று. நகம். நாயின் நகம் குசினித் தரையில் நடக்கிற சத்தம்.

நான் தொலைபேசியைச் சிவலிங்கத்தின் காதில் வைத்தேன். அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்படியே அலுமாரியில் சாய்ந்துவிட்டார். போத்தல்கள் எல்லாம் கிலுங்கின.

திரும்ப நான் வாங்கிப் பேசியபோது அந்த மனுசி, "நீ இன்னும் நிற்கிறாயா?" என்று கேட்டா. குரல் வேறு மாதிரி இருந்தது. "உயிரோடு இருக்கிறாள். கண்ணிக்குள் அசையாமல் இருந்தாள். சங்கிலியில் பழகியவள், இழுக்கக்கூடாது என்று தெரியும். அவனைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டா.

"என்ன கா சொன்னவ?"

"திங்கட்கிழமை பாப்பம் எண்டு."

"அது போதும்" என்றார். மருந்தை வாங்காமலே போனார்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். மத்தியானம் கடைக்கு முன்னால் ஒரு பழைய ட்ரக் வந்து நின்றது. பருமனான ஒரு மனுசி இறங்கினா, றப்பர் பூட்ஸோடு. பின்னால் மஞ்சள் நிற நாய் ஒன்று. அதற்குப் பின்னால் சிவலிங்கம், வாத்தியார் கூப்பிட்டு வந்த பொடியனைப் போல. எனக்கு உள்ளே போய் ஒளிக்க வேண்டும் போல இருந்தது. நின்றேன்.

மனுசி நாயின் கழுத்து மயிரை விலக்கிக் காட்டினா. சுற்றிவர ஒரு கோடு. நான் சட்டைக் கையை மடித்து மேசையில் வைத்தேன். அதே கோடு. மனுசி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தா. "உனக்கு என்ன நடந்தது?" என்றா. முதலாளி எனக்காகச் சொன்னார்.

மனுசி சிவலிங்கத்தின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கொஞ்ச நேரம் சொன்னா. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பாதிதான் விளங்கியது. "என்ன கா சொல்றா?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் உடைஞ்ச முட்டையை நாய்க்கு வைக்கிறனியளாம். சனி, ஞாயிறில நீங்கள் இல்லாட்டில் அது உங்களைத் தேடித் திரியுமாம். கம்பியில நரி மருந்து இருக்கேல்லை. உங்கட கை மணம்தான் இருந்தது." அடுத்ததை நாயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "அது நரி வழியால போகேல்லையாம். உங்களைத் தேடித்தான் போனதாம்."

சிவலிங்கம் அப்படியே குந்திவிட்டார். நாய் வந்து அவர் கைகளை மணந்தது, முட்டை இருக்கிறதா என்று. அவர் தன் தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி உள்ளே ஏதோ தேடப் போனார். அவர் தேடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அந்த மனுசி என்னிடம், "உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்" என்றா. "சனிக்கிழமை அவளை வெட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்ததும், வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிடத்தான் தொலைபேசியை எடுத்தேன். நம்பரைச் சுழற்ற விரலும் வைத்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் லைனில் நின்றீர்கள். மூச்சு விடுவது கேட்டது. இவ்வளவு நேரமும் நிற்கிறவர்கள் மேல் எப்படி முறைப்பாடு சொல்வது?"

அதன் பிறகு, கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் அவவும் கேட்டா. "சரி, சட்டப்படியான கேபிள் ஒன்று கொடு. நல்ல பூட்டுப் போட்டதாக." ஆணியில் தொங்கியதிலேயே நல்லதை நான் எடுத்து வைத்தேன். என் கையால் செய்தது. முதலாளி அதை மணிக்கட்டில் போட்டார், இழுத்தார், தளர்ந்தது. கழற்றித் திரும்ப ஆணியில் கொழுவினார்.

"இது சட்டத்துக்குச் சரி. உன் பாதைக்குச் சரியில்லை. நாய் நடக்கிற பாதையில் எந்தக் கேபிளும் நல்ல கேபிள் இல்லை. வேலிக்கு வெளிப்பக்கம் தரையில் கம்பிவலையை விரித்துக் கல் வை. நரி வேலியடியில் நின்றுதான் கிண்டும். காலுக்குக் கீழே வலை இருந்தால் விட்டுவிடும்."

"அதை நீ விற்கிறாயா?"

"இல்லை. மூலையில் இருக்கும் இரும்புச் சாமான் கடையில் வாங்கு."

அன்று பின்னேரமே சிவலிங்கம் வலை விரித்துக் கல் அடுக்கினாராம். நரி பிறகு வரவில்லை என்று கேள்வி. வந்தாலும் கோழி போகவில்லை.

தங்கச்சிமாரே, நாளைக்கு ஒருவர் வந்து மருந்து மட்டும் கேட்பார். பாடமாக்கிய வசனத்தோடு வருவார். அவர் வெட்கப்படுவார், நீங்களும் வெட்கப்படுவீர்கள். கொடுத்து அனுப்பிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. அப்படி அனுப்பாதீர்கள். எதில் வைக்கப் போகிறீர்கள், எங்கே, அந்தப் பாதையால் வேறு யார் போவார்கள் என்று கேளுங்கள். ஏசாதீர்கள். ஊரில் எது சரியோ அதைத்தான் எங்கள் சனம் இங்கேயும் செய்கிறது. எதையாவது கண்டுபிடித்துவிட்டால், அதைச் செய்தவரை விட்டுவிட்டு ஓடாதீர்கள். கூட நில்லுங்கள். எனக்குத் துணிவு இருந்தது என்று நினைக்க வேண்டாம். தொலைபேசியை வைக்கப் பயந்துதான் நின்றேன். அதுவும் நின்றதுதான்.

விசாரணைக்கு அந்த மனுசியே தன் ட்ரக்கில் அவரை ஏற்றிக்கொண்டு போனாவாம். பின்னால் நாயும் போனதாம். முடிவு வர நாள் எடுத்தது. பனி உருகித் தெருவெல்லாம் தண்ணீர் ஓடுகிற காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு தட்டு முட்டை.

"அக்கா, என்னை இந்த நாட்டில நிக்கச் சொல்லிட்டாங்க" என்றார். "இந்தாங்க, நம்மட பண்ணை முட்டை."

"நான் முட்டை தின்னமாட்டன், தம்பி."

"அட கடவுளே! இவ்வளவு தூரம் மடியில வைச்சுக் கொண்டு வந்தன் கா!"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முட்டையை முதலாளிக்குக் கொடுத்தோம். மேசையில் அப்போதுதான் நான் செய்து முடித்த கேபிள் ஒன்று கிடந்தது. சிவலிங்கம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்து, கையை என் முன்னால் நீட்டினார்.

"இதைப் போடுங்க கா. இழுங்க."

போட்டு இழுத்தேன். பயப்படாமல் பலமாகவே இழுத்தேன். அவர் முகம் சுளித்தது. பிறகு நான் கையை எடுத்தேன்.

அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விட்டிட்டுது கா" என்றார்.